தனியார் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும் சுகாதாரக் கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் போதும், ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகள் கேட்பது ஒரு விதம், பெற்றோர் கேட்பது வேறு விதம். உடற்கல்வித் துறையில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் எந்த நாட்டுக்காரருக்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

நாள் முழுக்க விளையாடிக்கொண்டே இருக்கலாமா? இதில் படிக்க என்ன இருக்கிறது?

இந்த எண்ணத்தோடு சேருகிறவர்கள்தான் முதல் செமஸ்டர் முடிவதற்குள் முகம் வாடிப் போகிறவர்கள். காலையில் மைதானம் உண்டு, உண்மைதான். ஆனால் அங்கிருந்து வியர்வையோடு நேராக உடற்கூறியல் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும். எலும்பு, தசை, மூட்டு, இதயம், நுரையீரல், அப்புறம் இயக்கவியல், அப்புறம் குழந்தை ஒரு திறனை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்ற உளவியல், பாடத்திட்டம் எழுதுவது, மதிப்பிடுவது, சுகாதாரக் கல்வி, முதலுதவி, போட்டி நடத்துவது என்று பட்டியல் நீளும்.

விளையாட்டுப் பாடத்திலேயே கணக்கு ஒளிந்திருக்கும். 400 மீட்டர் ஓடுதளம் போடச் சொன்னால் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. உலகத் தரத் தளத்தில் வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். முதல் பாதையில் ஓடுகிறவர் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஓடுவதாக வைத்து அளக்கிறோம், அப்போதுதான் 400 சரியாக வரும். மற்ற பாதைகளில் கோட்டிலிருந்து 20 செ.மீ. பாதையின் அகலம் 1.22 மீட்டர். வெளியே போகப் போக வளைவின் நீளம் கூடும், ஆக 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் பாதைக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், மூன்றாம் பாதைக்காரர் 14.70 மீட்டர். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தாளில் போட்டுக் காட்டிவிட்டு, நாடாவைப் பிடித்து வெயிலில் கோடும் போட்டு முடித்தால்தான் அந்தச் செய்முறைக்கு மதிப்பெண். கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் இங்கே வந்தேன் என்று சொல்லும் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. பாவம்தான்.

நான் எந்தப் போட்டியிலும் பரிசு வாங்கியதில்லை. சேரலாமா?

தாராளமாக. சில இடங்களில் சேர்க்கைக்கு உடல்தகுதித் தேர்வு இருக்கும், சில இடங்களில் விளையாட்டுச் சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தாண்டிவிட்டால் பிறகு பார்க்கப்படுவது நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடுகிறீர்கள் என்பதல்ல, ஓடவே பிடிக்காத ஒரு பிள்ளையை உங்களால் ஓட வைக்க முடிகிறதா என்பது. சின்ன வயதிலிருந்தே எல்லாம் தானாக வந்த திறமைசாலிகளுக்கு இது சில நேரம் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு பந்தைப் பிடிக்க ஏன் ஒருவனுக்கு வரவில்லை என்பதே அவர்களுக்குப் புரியாது. தட்டுத் தடுமாறிக் கற்றவருக்கு ஒவ்வொரு படியும் நினைவில் இருக்கும்.

ஒரு உபகதை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். 1891 குளிர்காலத்தில், வெளியே போக முடியாமல் சலித்துப்போய் அடங்காமல் இருந்த 18 பேர் கொண்ட ஒரு வகுப்பைச் சமாளிக்கத்தான் இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டி 13 விதிகளை எழுதினார். நான்கு ஆண்டு கழித்து, கூடைப்பந்து முரட்டுத்தனமாக இருக்கிறது என்று சொன்ன நடுத்தர வயதுக்காரர்களுக்காக வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். அவரும் உடற்பயிற்சி ஆசிரியர்தான். முன்னால் நிற்கிற வகுப்புக்கு ஏற்ற விளையாட்டை உருவாக்குவது இந்தத் தொழிலின் பழைய வித்தை, அதற்குப் பதக்கம் தேவைப்படவில்லை.

தனியார் பல்கலைக்கழகம் என்றால் பட்டம் செல்லுமா?

செல்லும், அங்கீகாரம் இருந்தால். இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது, பலர் முதல் அடுக்கோடு நின்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கிறதா என்பது ஒன்று. அந்தக் குறிப்பிட்ட படிப்பை ஆசிரியர் பயிற்சிக்கான அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் கையில் பட்டம் இருக்கும், பள்ளியில் ஆசிரியராகப் பதிவு செய்ய முடியாது.

இதைக் கல்லூரியின் வண்ணத்தாளில் பார்க்காதீர்கள். ஒழுங்குமுறை அமைப்பின் சொந்த இணையதளத்தில் பட்டியல் இருக்கும், அங்கே பாருங்கள். அங்கீகாரம் எந்த ஆண்டு வரை, எந்த வளாகத்துக்கு, எத்தனை இடங்களுக்கு என்பதையும் பாருங்கள். தலைமை வளாகத்துக்கு வாங்கிய அனுமதியைக் காட்டிக் கிளை வளாகத்தில் ஆள் சேர்ப்பது புதிதல்ல. "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் வந்த பிறகு சேருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

பட்டத்தின் பெயரையும் எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். உடற்கல்வி, விளையாட்டு அறிவியல், விளையாட்டு மேலாண்மை, உடற்தகுதி மற்றும் நலவாழ்வு எல்லாம் கேட்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஆசிரியர் வேலைக்குத் தகுதி தருவது பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான். மற்றவை மோசமான படிப்புகள் அல்ல, வேறு வேலைக்கானவை.

நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சுற்றிக் காட்ட ஆள் அனுப்புவார்கள். முதலில் நீச்சல் குளம், அடுத்து குளிரூட்டிய ஜிம், கடைசியில் கண்ணாடி அலமாரியில் கோப்பைகள். எல்லாவற்றையும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இந்தத் துறையின் வாரக் கால அட்டவணையைக் கேளுங்கள். உங்கள் படிப்புக்காரர்கள் அந்தக் குளத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இறங்குகிறார்கள்? பல இடங்களில் நல்ல மைதானமும் நல்ல நேரமும் பல்கலைக்கழக அணிக்குப் போய்விடும், உடற்கல்வி மாணவர்களுக்கு மிச்சம் கிடைக்கும் நண்பகல் வெயில்.

அடுத்து சாமான் அறை. இதை யாரும் காட்ட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பந்துகளில் காற்று இருக்கிறதா, சின்னப் பிள்ளைகளுக்கான இலகுவான பந்தும் குட்டையான தடையும் இருக்கின்றனவா, இல்லை எல்லாமே பெரியவர்கள் போட்டிச் சாமான்களா? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி தரும் துறையில் பிள்ளைகள் அளவுச் சாமான் இல்லை என்றால் அங்கே என்ன நடக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். இதயத்துடிப்பு அளக்கும் கருவி இன்னும் பெட்டி பிரிக்காமல் இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

முதலுதவிப் பெட்டி எங்கே, நின்றுபோகும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி எங்கே என்று அங்கே நிற்கிற ஏதாவது ஒரு மாணவரிடம் கேளுங்கள். சட்டென்று கை நீட்டிக் காட்டினால் நல்ல துறை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: மொத்தப் படிப்பில் எத்தனை வாரம் உண்மையான பள்ளியில், உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள், அப்போது உங்கள் பேராசிரியர் எத்தனை முறை வந்து உட்கார்ந்து பார்க்கிறார்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடத்துக்குக் கொஞ்சம் பழைய கட்டடமாக இருந்தாலும் போகலாம். நீங்கள் கட்டும் பணத்தில் திரும்பி உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த வாரங்கள்தான். மூன்றாம் ஆண்டில் படிக்கும் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து இதையே கேட்டால், அலுவலகத்தில் கிடைத்த பதிலோடு ஒத்துப்போகிறதா என்றும் தெரிந்துவிடும்.

அந்தக் கற்பித்தல் பயிற்சி எப்படி இருக்கும்? பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. பிள்ளைகள் கத்துவார்கள், ஓடுவார்கள், அதெல்லாம் இரண்டாவது வாரத்தில் பழகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

புதிதாகப் போகிறவர் எடுக்கும் வகுப்பைச் சொல்கிறேன், கிட்டத்தட்ட எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். 36 பிள்ளைகள், 4 பந்துகள். நான்கு வரிசை, வரிசைக்கு 9 பேர். முன்னால் நிற்கிறவர் பந்தைத் தட்டிக்கொண்டு போய்க் கூம்பைச் சுற்றித் திரும்பி வந்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்க வேண்டும். பார்க்க ஒழுங்காக இருக்கும், தலைமை ஆசிரியர் ஜன்னலிலிருந்து பார்த்தால் தலையாட்டுவார். இப்போது ஓரமாக நின்று ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 20 நொடி என்றால் 9 பேர் முடிக்க 3 நிமிடம். 40 நிமிட வகுப்பில் வருகைப் பதிவு, விளக்கம், சாமான் எடுப்பது, தண்ணீர் எல்லாம் போக 24 நிமிடம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது 8 சுற்று. அதாவது 160 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது, அப்புறம் அவனைக் கிள்ளுவது. பிறகு நாம் "இந்த வகுப்புக்கு ஒழுக்கமே இல்லை" என்று எழுதுகிறோம்.

அதே 4 பந்து, அதே 36 பேர். மைதானத்தை நான்கு கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 4 பேருக்கு 4 பேர் விளையாட விட்டு, ஒன்பதாமவரைப் பாஸ்களை எண்ணச் சொல்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று மாற்றிவிடுங்கள். சத்தம் அதிகமாகும், ஒழுங்கு குறைந்த மாதிரி தெரியும், ஆனால் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் 1982இல் சொன்னது ஏறக்குறைய இதுதான்: திறனைத் துண்டு துண்டாகப் பழக்கி முடித்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடம் விளையாட விடாதே, சின்ன விளையாட்டிலிருந்து ஆரம்பி, எப்போது எங்கே பந்தைக் கொடுப்பது என்ற யோசனை முதலில் வரட்டும், திறன் தேவைப்படும்போது நிறுத்திச் சொல்லிக்கொடு. இந்த முறைக்கும் வரம்பு உண்டு, குட்டிக்கரணத்தையும் நீச்சலையும் இப்படிச் சொல்லிக்கொடுக்கப் போனால் கழுத்து போய்விடும், அங்கே படிப்படியாகத்தான்.

இன்னொன்று. அவுட் ஆனவர்கள் வெளியே உட்கார வேண்டும் என்ற விளையாட்டுகள் எல்லாவற்றிலும் முதலில் வெளியே போவது யார் என்று பாருங்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்தான். அவுட் ஆனால் ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்ப உள்ளே வா என்று மாற்ற ஒரு நொடி போதும்.

அறிவியல் எனக்கு வரவே வராது.

மருத்துவப் படிப்பு அளவுக்கு ஆழம் இல்லை, ஆனால் தப்பிக்கவும் முடியாது. நல்ல செய்தி என்னவென்றால் பாடப்புத்தகம் உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே கையைத் தூக்கிப் பாருங்கள், அது எப்போது சுழல ஆரம்பிக்கிறது என்று தெரியும். படத்தை மனப்பாடம் செய்தவருக்கு அது தேர்வோடு போய்விடும், தொட்டுப் பார்த்தவருக்குப் போகாது.

படிக்கப் படிக்க மைதானத்தில் கேட்டு வளர்ந்த பல விஷயங்கள் உடையும். மறுநாள் தொடை வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் தேங்கியதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும், இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும், பழகாத வேலையால் தசை நாருக்கு ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியும்தான் வலிக்குக் காரணம். படியிறங்குவதும் மலையிறங்குவதும் ஏறுவதைவிட அதிகம் வலிக்க வைப்பதும் இதனால்தான், நீளும்போதே சுமை தாங்குகிற தசைக்குச் சேதம் கூடுதல்.

சுகாதாரக் கல்வி என்று ஏன் சேர்த்திருக்கிறார்கள்? கை கழுவச் சொல்லிக்கொடுப்பதா?

பாதிப் பட்டம் அது. துறையிலேயே அதை மூத்த தாரத்துப் பிள்ளை மாதிரி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், மழை பெய்தால் மட்டும் நடத்தப்படும் பாடம் என்று. இதில் எனக்குக் கோபம் உண்டு. பருவ வயது மாற்றம், உணவு, தூக்கம், புகையிலை, மது, மனநலம், பாலியல் துன்புறுத்தலை எப்படிச் சொல்வது, நம்பத்தகுந்த மருத்துவத் தகவலை எப்படி அடையாளம் காண்பது எல்லாம் இதில் வரும். பல பிள்ளைகளுக்கு இதைப் பற்றிப் பேசக் கிடைக்கும் ஒரே பெரியவர் பி.டி. வாத்தியார்தான், மற்ற எல்லோரும் மதிப்பெண் பட்டியலோடு நிற்பவர்கள்.

1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் சாசனமே ஆரோக்கியம் என்பது நோயில்லாத நிலை மட்டுமல்ல, உடல், மனம், சமூக நலன் மூன்றும் சேர்ந்தது என்கிறது. 1986இல் ஒட்டாவாவில் வெளியான சாசனம் இன்னும் ஒரு படி போய், தனி மனிதனுக்கு அறிவுரை சொன்னால் போதாது, அவன் வாழும் சூழலை மாற்ற வேண்டும் என்றது. பள்ளிக்குள் இதை இறக்கினால், நிறைய தண்ணீர் குடி என்று போஸ்டர் ஒட்டுவதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார். சாசனம் படித்ததன் பயன் அவ்வளவு எளிமையானதுதான்.

அளவீடுகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் உடல் நிறை எண்) எல்லைகளைப் பிள்ளைகளுக்கு அப்படியே போடக் கூடாது, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளையை எடைக் கருவியில் ஏற்றி எண்ணைச் சத்தமாகப் படிப்பது கூடவே கூடாது. அந்த ஒரு நிமிடம் சில பேரைப் பள்ளி முடியும் வரை விளையாட்டிலிருந்து விரட்டிவிடும். மெல்லிசான பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.

முதலுதவிப் பயிற்சி எவ்வளவு முக்கியம்?

உயிர் போகிற விஷயம் என்பதால் தனியாகவே கேளுங்கள்: செயல்முறைச் சான்றிதழ் உண்டா, பொம்மையின் மேல் நாங்களே அழுத்திப் பழகுவோமா, இல்லை படம் போட்டுக் காட்டுவதோடு சரியா? பெரியவர்களுக்கு மார்பு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. என்று எழுதிவிடலாம். அந்த ஆழத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும், இரண்டு நிமிடத்தில் கை எப்படித் தளர்ந்துபோகிறது என்பது அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

மைதானத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஓடிக்கொண்டிருந்தவர் வெப்பத்தில் நிலைகுலைந்து, குழம்பிப் பேசி, விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அது வரும் வரை சும்மா விசிறிக்கொண்டிருக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் உடம்பை முக்குவதோ, முடியாவிட்டால் இடைவிடாமல் நீர் ஊற்றுவதோ உடனே தொடங்க வேண்டும், முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றி அனுப்புவது. இன்னொன்று தலையில் அடி. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே, அன்றைக்குத் திரும்ப உள்ளே விடக் கூடாது, அவன் அழுதாலும் சரி, பயிற்சியாளர் கத்தினாலும் சரி.

விளையாட்டு உதவித்தொகை தருகிறேன் என்கிறார்கள். நம்பலாமா?

கடிதத்தைப் படித்துவிட்டு நம்பலாம். உதவித்தொகை நான்கு ஆண்டுக்கா, ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பதா? காயம் பட்டு ஒரு பருவம் ஆடாவிட்டால் என்ன ஆகும்? மதிப்பெண் எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள்? விடுதியும் உணவும் அதில் அடங்குமா, கல்விக் கட்டணம் மட்டுமா? வாய்மொழியாக "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை, சொன்னவர் அடுத்த ஆண்டு வேறு ஊரில் இருப்பார்.

அணியில் ஆடுவதும் கற்பித்தல் பயிற்சியும் ஒரே மாதத்தில் மோதும். அந்த மாதத்தில் துறைத் தலைவர் சொல்வது நடக்குமா, பயிற்சியாளர் சொல்வது நடக்குமா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

கல்விக் கட்டணம் தவிர வேறு செலவு உண்டா?

உண்டு. சீருடை இரண்டு மூன்று செட், விளையாட்டுக்கு ஏற்ற காலணி (ஒரே ஷூவில் எல்லாவற்றையும் ஓட்டினால் கணுக்கால் பேசும்), முகாம், முதலுதவிச் சான்றிதழ், பயிற்சிப் பள்ளிக்குப் போய்வரும் செலவு, காப்பீடு, சில இடங்களில் நடுவர் தேர்வுக் கட்டணம். இவையெல்லாம் வண்ணத்தாளில் இருக்காது. எல்லா ஆண்டுக்கும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதிலேயே. காப்பீடு மைதானத்தில் படும் காயத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள், சில திட்டங்களில் விளையாட்டுக் காயம் விலக்கப்பட்டிருக்கும். அப்புறம் எதற்கு அந்தக் காப்பீடு!

பெண் பிள்ளையை அனுப்ப யோசனையாக இருக்கிறது.

அனுப்புங்கள், பெண் உடற்கல்வி ஆசிரியர்கள் இல்லாததால் மைதானத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும் சிறுமிகள் ஏராளம். ஆனால் பார்க்க வேண்டியதைப் பாருங்கள்: மைதானத்துக்குப் பக்கத்திலேயே உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் உண்டா, துறையில் பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர், வெளியூர்ப் போட்டிக்கு யார் கூட வருகிறார்கள், புகார் சொல்ல வேண்டுமானால் துறைக்கு வெளியே ஆள் இருக்கிறாரா. தன் மதிப்பெண்ணைப் போடுகிறவரிடமே அவரைப் பற்றிப் புகார் சொல்ல யாராலும் முடியாது, அதனால்தான் கடைசிக் கேள்வி.

பாடத்திட்டம் பற்றியும் ஒன்று. வெட்டித் திரும்பி ஓடும் விளையாட்டுகளில் முழங்கால் மூட்டை உள்ளே பிடித்து வைத்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்து இறங்குவது, ஒற்றைக்காலில் சமநிலை, தொடைப் பின்தசைப் பயிற்சி எல்லாம் சேர்ந்த 20 நிமிட வார்ம்-அப் முறைகள் இந்தக் காயத்தைக் குறைக்கின்றன என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அப்படியொன்றைத் தினமும் செய்கிறார்களா, இல்லை மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக ஆட்டமா என்று ஒரு காலையில் போய் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எனக்கு உடல் குறைபாடு இருக்கிறது. மனு போடலாமா?

போடுங்கள். செய்முறைத் தேர்வுகளில் என்ன மாற்றம் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், "கேஸைப் பொறுத்து" என்றால் உங்கள் கேஸுக்கு என்ன என்று கேளுங்கள். குறைபாட்டுக்கு ஏற்ப விளையாட்டை மாற்றிச் சொல்லிக்கொடுக்கும் தகவமைப்பு உடற்கல்வி என்ற பாடம் எல்லா நல்ல துறையிலும் உண்டு. லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டில் அடிபட்ட போர்வீரர்களை வில்வித்தைப் போட்டிக்கு இறக்கியதிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக். அந்த வரலாற்றை முதலாண்டில் பாடமாக நடத்திவிட்டு, சக்கர நாற்காலியில் வருகிறவருக்குச் சேர்க்கை மறுக்கும் துறைக்கு விளக்கம் சொல்ல வாய் வராது.

ஆன்லைனில் படிக்கலாமா?

தியரியைப் படிக்கலாம். முழுப் பட்டத்தையும் திரையில் முடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். ஒரு பிள்ளை குட்டிக்கரணம் போடும்போது அதன் கழுத்துக்குக் கீழே கை கொடுப்பதை எந்தத் திரையில் கற்பது?

ஆசிரியர் வேலை கிடைக்காவிட்டால்?

ஜிம் பயிற்சியாளர், பள்ளிக்கு வெளியே விளையாட்டு வகுப்பு, முதியோர் உடற்பயிற்சி, நிறுவனங்களின் உடல்நலத் திட்டம், விளையாட்டு நிகழ்ச்சி மேலாண்மை, ஆட்டக் காணொளி அலசல், நடுவர் பணி என்று வழிகள் இருக்கின்றன. இவற்றில் முதியோர் பக்கம் இப்போது யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சி சொல்லித்தர ஆள் தேவை எல்லா இடத்திலும் கூடிக்கொண்டே போகிறது.

ஆனால் சில கதவுகள் இந்தப் பட்டத்தால் திறக்காது, அதைச் சேர்க்கை அலுவலகம் மழுப்பும். பிசியோதெரபிஸ்ட் வேறு படிப்பு, வேறு உரிமம். உணவியல் வல்லுநரும் அப்படியே. நீங்கள் முழங்காலைப் பற்றி இரண்டு செமஸ்டர் படித்திருப்பதால் முழங்கால் வலிக்குச் சிகிச்சை சொல்லிவிட முடியாது, யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். வேலைவாய்ப்பு விகிதம் என்று ஒரு எண்ணைச் சொன்னால், அதில் எத்தனை பேர் உடற்கல்வி தொடர்பான வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதியாகப் போனவரும் அந்த எண்ணுக்குள்தான் இருப்பார்.

படிக்கும்போதே காயம் பட்டால்?

பெரும்பாலும் செய்முறையைத் தள்ளிப் போடுவார்கள், தியரி தொடரும். எத்தனை வாரம் வரை தள்ளலாம், ஆண்டு வீணாகுமா, மறுபடி கட்டணமா என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதியில் இருக்கும், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் "பி.டி. வாத்தியார் ஆகத்தான் இவ்வளவு செலவா" என்கிறார்கள்.

அவர்கள் பார்த்த பி.டி. வாத்தியார் விசிலும் குச்சியுமாக நின்றிருப்பார், அவர்கள் மேல் தப்பில்லை. சண்டை போடாமல் இரண்டு விஷயம் சொல்லுங்கள். யுனெஸ்கோ 1978லேயே உடற்கல்வியை எல்லோருக்குமான அடிப்படை உரிமை என்று சாசனம் போட்டது, 2015இல் அதைத் திருத்தி எழுதியது. உலக சுகாதார அமைப்பு 2020இல் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மிதமானது முதல் கடுமையானது வரையான உடலியக்கம் வேண்டும் என்றது. அந்த 60 நிமிடத்துக்கு யார் பொறுப்பு என்று அவர்களையே கேளுங்கள். பணத்தைப் பற்றிய கவலை மட்டும் நியாயமானது, அதைப் பேச்சால் சமாளிக்கக் கூடாது. அங்கீகாரத்தின் நகலும் மொத்தச் செலவுத் தாளும் மேசை மேல் இருந்தால்தான் அந்த உரையாடல் முன்னே போகும். இரண்டும் கைக்கு வரும் வரை முன்பணம் கட்டாதீர்கள்.

சேருவதற்குச் சில மாதம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

நீச்சல் தெரியாவிட்டால் முதலில் அது. படிப்பு தொடங்கிய பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஆழமான பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேர்வு எழுதுவார்கள். இரண்டாவது, உங்களுக்கு வராத ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கால்பந்துக்காரர் நடனமோ ஜிம்னாஸ்டிக்ஸோ, தடகளக்காரர் மட்டையும் பந்தும். புதிதாகக் கற்கிறவரின் தவிப்பு நினைவில் இருக்கும்போதே படிப்புக்குள் நுழைவது நல்லது.

உடம்பின் நிலையைத் தெரிந்துகொள்ள கென்னத் கூப்பர் 1968இல் கொண்டுவந்த 12 நிமிட ஓட்டம் போதும், எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று குறித்துவிட்டு ஆறேழு வாரம் கழித்து மறுபடி ஓடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், வீட்டில் இளவயது மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால் ஓடுவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், பக்கத்துப் பள்ளி எதிலாவது அனுமதி கேட்டு ஒரு பி.டி. பீரியடை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கையில் தாளும் பேனாவும். நடுவில் இருக்கிற, கெட்டிக்காரனும் இல்லாத, அழுகிற பிள்ளையும் இல்லாத ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அவன் கையில் பந்து வரும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடுங்கள்.